காணியை ஈடு வைத்துக் கணிதம் வாங்கலாமா?

ஒரு கணிதப் பாடநெறிக்காக இரண்டு பரப்புச் செம்மண் தோட்டத்தை ஈடு வைக்கலாமா? இது கற்பனைக் கேள்வியன்று. சில மாதங்களுக்கு முன்னர் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் ஈட்டு உறுதி எழுதுவிக்கும் பொருட்டு என்னிடம் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். உடன் வந்த சிறுவன் அவருடைய மகளின் மகன், 15 வயதினன். நீண்ட நோயின் காரணமாக ஒன்பதாந் தரத்தின் நடுவிலே பாடசாலையை விட்டு, ஓராண்டுக்கு மேலாக வீட்டில் இருப்பவன். நோய் தணிந்துவிட்டது. வீட்டிலிருந்தே படித்துச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அதற்கென எவரோ ஒரு தரகர் காட்டிய வழி, அமெரிக்க நாட்டிலே வீட்டில் வைத்துப் பிள்ளைகளைக் கற்பிக்கும் குடும்பங்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற கணித நூல்வரிசை; மூன்றாண்டுக்குரியது; இணையவழிப் போதனையும் சேர்ந்தது. அதன் விலைக்காகவே காணி ஈடு போகவிருந்தது.

“ஐயா, உறுதியை எழுதித் தாருங்கோ. பெடியன் படிக்கவேணும்” என்றார் பெரியவர். உறுதியை எழுதுவதற்கு முன்னர் புத்தகத்தைப் பார்ப்போம் என்றேன். பார்த்தோம். அச்சு அழகு, தாள் அழகு, படம் அழகு. ஆனால் அந்தப் பிள்ளை தமிழ்மொழி மூலம் கற்றவன். பக்கத்துக்குப் பத்துச் சொல்லுக்கு அகராதி தேட வேண்டிய நிலையிலிருந்தான். ஒரு சிறு கணக்குக் கேட்டேன்: பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் எனின், ஐந்து பரப்பு ஏக்கரில் எத்தனை பங்கு? பிள்ளை தாளை நோக்கி மௌனமாயிருந்தான். பேரனாரோ நொடிப்பொழுதில், “காலும் மாகாணியும்” என்றார். சரியான விடை. காலும் மாகாணியுமாவது பதினாறில் ஐந்து. தகப்பனாரிடம் வாய்ப்பாடமாகக் கற்றது, அறுபது ஆண்டு கழிந்தும் அவரிடம் நின்றது. தமக்குக் கணிதம் தெரியாது என்று அவர் ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் கூறியிருந்தார்!

அன்று உறுதி எழுதப்படவில்லை. ஆனால் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. வீட்டிலே பிள்ளையை வைத்துக் கற்பிக்க நேர்ந்த பெற்றார், இடைநிலைக் கணிதத்துக்கு எந்தப் பாடத்திட்டத்தைத் தெரிவது? இதனை ஒரு வீட்டு விவகாரம் என்று ஒதுக்கலாகாது. நம் சமூகத்தின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கிறது.

சட்டம் கூறுவது யாது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். இந்நாட்டில் 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே, பாடசாலைக்குச் செல்லக்கூடிய பிள்ளையை வெறும் விருப்பத்தின் பேரில் வீட்டிலே நிறுத்துவதற்கு யான் ஆலோசனை கூறேன். நோய், இடப்பெயர்வு, தூரம் ஆகிய தக்க காரணம் இருப்பின், அதனை அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்திலே அறிவித்து, பிரதியையும் மருத்துவச் சான்றையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

இவ்விடயம் ஒரு சிலரை மட்டும் பற்றியதன்று. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022இல் எரிபொருளின்றி நாடு முடங்கியபோதும், ஒவ்வொரு வீடும் பாடசாலையாயிற்று. போர்க்காலத்திலே மரநிழலிலும் முகாமிலும் பிள்ளைகளைக் கற்பித்த மக்கள் நாம். இன்றும் ஒருமுறை கணிதத்தில் சித்தியெய்தாது போய், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் தோற்றும் பிள்ளை, பெயரளவில் எப்படியிருப்பினும், வீட்டிலே கற்கும் பிள்ளையே.

முதற் கேள்வி: எந்த வாயில்?

பாடத்திட்டத்தைத் தெரியுமுன் பெற்றார் தம்மைத்தாமே கேட்கவேண்டிய முதற் கேள்வி, பிள்ளை எந்த வாயிலூடாகப் புகப்போகிறது என்பதே. நல்ல நூல் எது என்ற கேள்வி இதற்குப் பின்னர் வருவது. கொழும்புக்குப் போகும் வண்டி எத்துணை வசதியானதெனினும், திருகோணமலைக்குப் போகவேண்டியவனுக்கு அதனால் பயன் யாது?

நமது பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு அவ்வாயில் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சையே. அதன் கணிதப் பரீட்சை எவ்வாறமைந்தது? முதல் வினாத்தாள் 2 மணி நேரம்: 25 சிறு வினாக்களுக்கு 50 புள்ளி, 5 அமைப்பு வினாக்களுக்கு 50 புள்ளி. இரண்டாம் வினாத்தாள் 3 மணி நேரம்: இரு பகுதிகள், பகுதிக்கு ஆறு வினாக்கள், அவற்றுள் ஐந்து ஐந்தாகப் பத்து வினாக்களுக்கு விடை எழுதுதல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. ஆக 200 புள்ளி. அது 100க்குக் குறைக்கப்படும். சாதாரண சித்திக்கு 35 போதும். எண்கள், அளவீடு, அட்சரகணிதம், கேத்திரகணிதம், தொடைகளும் நிகழ்தகவும், புள்ளிவிவரவியல் என்னும் ஆறு பகுதிகளும் ஆறாந் தரம் முதல் பதினொராந் தரம் வரை ஆண்டுதோறும் கலந்தே வருகின்றன. கணிப்பானுக்கு மண்டபத்தில் இடமில்லை. மடக்கை அட்டவணையே துணை.

இனி, அந்த அமெரிக்க நூல்வரிசையை நோக்குக. அந்நாட்டு வழக்கப்படி முதலாண்டு அட்சரகணிதம், அடுத்த ஆண்டு கேத்திரகணிதம், மூன்றாமாண்டு மீண்டும் அட்சரகணிதம். அந்த முறையில் குறையில்லை. அந்நாட்டுப் பரீட்சைக்கு அது பொருந்தும். ஆனால் ஓராண்டு கழித்து இங்கு பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளை அதனைத் தொடர்ந்தால், வட்ட நாற்பக்கலையும் தொடலியையும் நடுப்புள்ளித் தேற்றத்தையும் காணாமலே மண்டபத்துள் புகுவான். நமது நூலில் உள்ள இந்நாட்டு வரிக் கணக்கும் பங்குக் கணக்கும் அங்கே கிடையா.

இலண்டன் பரீட்சையின் பாடத்திட்டமும் அவ்வாறே வேறுபட்டது. அதன் சர்வதேசப் பொதுத் தராதரக் கணிதப் பரீட்சையில் 2 மணி நேரத் தாள்கள் இரண்டு. இரண்டிலும் கணிப்பான் பயன்படுத்தலாம். மேனிலைப் பகுதியில் நுண்கணிதத்தின் தொடக்கமும் உண்டு. நமது சாதாரண தரத்தில் அது இல்லை. ஆங்கிலத்திலேயே கற்று, அந்தப் பரீட்சையையே எழுதி, வெளிநாட்டிலே மேற்படிப்பைத் தொடர்வது என்று முடிவு செய்த குடும்பம் அதனை முழுமையாகத் தெரியட்டும், குற்றமில்லை. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான அனுமதி பெரும்பாலும் இந்நாட்டு உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றையும் மாவட்டப் பங்கீட்டையும் கொண்டே அமைகின்றது. அப்பங்கீட்டினாலும் தரப்படுத்தலினாலும் நாம் பட்டது என்ன என்பதை 1970களை அறிந்தவருக்கு யான் சொல்லவேண்டியதில்லை. உள்ள வாயிலையும் நாமே நம் பிள்ளைக்கு அடைத்துவிடலாமா? காலை இலண்டன், மாலை உள்ளூர் என இரு தோணியில் கால் வைப்பதே எல்லாவற்றிலும் கேடு.

இரண்டாங் கேள்வி: எந்த மொழி?

பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கின்றதோ அந்த மொழியிலேயே கணிதத்தைக் கற்கவேண்டும். இதில் தமிழ்ப் பற்று மட்டுமே பேசுகின்றது என்று எண்ணற்க. “ஒரு நீர்த்தாங்கியை இரு குழாய்கள்” என்று தொடங்கும் வினாவிலே, பிள்ளை முதலில் வெல்லவேண்டியது வாக்கியத்தை. கணக்கு அதன் பின்னரே. வாக்கியத்தில் தோற்ற பிள்ளைக்குக் கணிதம் வராது என்று ஊர் தீர்ப்பளித்துவிடும். விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு அது.

இவ்விடத்திலே ஒரு நுட்பம் உண்டு. தமிழிலே வேண்டுமெனின் தமிழ்நாட்டு நூல்கள் இருக்கின்றனவே என்பர் சிலர். அவை நல்ல நூல்கள். பயிற்சிகள் பல கொண்டவை. ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் அட்சரகணிதம் என்பதை அவர்கள் இயற்கணிதம் என்பர். கேத்திரகணிதம் அங்கே வடிவியல். தொடை அங்கே கணம். தாயம் அங்கே அணி. நாற்பக்கல் அங்கே நாற்கரம். தொடலி அங்கே தொடுகோடு. சொல்லில் எது சிறந்தது என்ற வாதம் இங்கே வேண்டா. பரீட்சை மண்டபத்திலே அகராதி கிடையாது என்பதே செய்தி. ஆகவே அந்நூல்கள் மேலதிகப் பயிற்சிக்கு உதவட்டும். முதல் நூலாக வேண்டா.

தமிழிலே உயர்கணிதம் முடியுமா என்று ஐயுறுவோர் நம் வரலாற்றை அறியாதவர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. அங்கு கற்ற கறல் விசுவநாதபிள்ளை தமிழிலே ‘வீசகணிதம்’ என்னும் நூலை 1855இல் வெளியிட்டார். பல்கலைக்கழகம் என்பதே இத்தீவில் இல்லாத காலம் அது. பின்னர் கணிதப் பேராசிரியராக விளங்கிய சுந்தரலிங்கம் அரசியலுக்குப் புகுந்து வவுனியாவின் பிரதிநிதியானார். ஹாட்லிக் கல்லூரியிற் கற்ற எலியேசர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கணிதப் பேராசிரியராயினார். கணிதம் நமக்கு இரவல் பொருளன்று, முதுசொம்.

மூன்றாங் கேள்வி: பிள்ளை எங்கே நிற்கிறது?

வயதுக்கு ஏற்ற தரத்தின் நூலைத் திறந்து வைப்பதே பெற்றார் செய்யும் பெரும் பிழை. பத்தாந் தரத்து நூலில் தடுமாறும் பிள்ளையின் நோய் பெரும்பாலும் பத்தாந் தரத்தில் இல்லை. அது ஏழாந் தரத்துப் பின்னத்திலோ, திசைகொண்ட எண்களிலோ, விகிதத்திலோ, எளிய சமன்பாட்டிலோ இருக்கும். அத்திவாரம் வெடித்த வீட்டுக்குக் கூரையை மாற்றி என்ன பயன்?

எனவே முதல் வாரத்தில் எதையும் கற்பிக்காதீர்கள். ஆறாந் தரத்திலிருந்து ஒவ்வொரு தரத்து நூலின் பயிற்சிகளிலும் சிலவற்றைக் கொடுத்து, பிள்ளை முதலில் எங்கே இடறுகின்றதோ அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். பிள்ளை வெட்கப்படும், நீங்கள் வெட்கப்படாதீர்கள். ஏழாந் தரத்து நூலோடு மூன்று மாதம் இருந்த பிள்ளை, பதினொராந் தரத்து நூலோடு மூன்றாண்டு போராடிய பிள்ளையிலும் முன்னே நிற்கும்.

நூல்களுக்குப் பணம் வேண்டியதில்லை. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் அவற்றைப் பெறலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி, எதை எந்த ஒழுங்கிலே கற்பிப்பது என்பதைக் கூறும். பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் உள்ளன. புள்ளியிடும் திட்டத்தைப் பெற்றார் அவசியம் பார்க்கவேண்டும். விடைக்கு மட்டுமன்றிப் படிமுறைக்கும் புள்ளி உண்டு என்பதைப் பிள்ளைக்குக் காட்டும் சாசனம் அதுவே. வினாத்தாள்களைத் தெரியும்போது ஆண்டை நோக்குங்கள். பத்தாந் தரத்துக்கு 2015இலும் பதினொராந் தரத்துக்கு 2016இலும் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. மேலும் மாற்றங்கள் வரக்கூடும். பிள்ளை தோற்றும் ஆண்டுக்குரிய பாடத்திட்டம் எதுவென்பதை வலய அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். ஆறாம் நாள் ஒரு பழைய வினாத்தாளின் ஒரு பகுதி, கடிகாரத்தை வைத்து. ஏழாம் நாள் ஓய்வு. இந்த ஒழுங்கை ஓராண்டு தளராது காத்தால், முதல் வினாத்தாளின் சிறு வினாக்களிலேயே சித்திக்கு வேண்டிய 70 புள்ளிகளின் பெரும் பங்கைப் பிள்ளை ஈட்டலாம். ஏனெனில் அவ்வினாக்கள் பெரும்பாலும் அடிப்படையையே சோதிப்பன. கணிதம் தெரியாத பெற்றார் என்ன செய்வது? தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும் கமக்காரன் பயிரை இழுத்து வளர்ப்பதில்லை. உரிய நேரத்தில் வாய்க்காலைத் திறக்கிறான். கொப்பியைத் தினமும் கேட்டுப் பார்ப்பதும், “இது எப்படி வந்தது?” என்று விளக்கச் சொல்வதும் எழுத்தறிந்த எவராலும் இயலும். விளக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது.

எழக்கூடிய தடைகள்

நமது பாடநூல்கள் குறையற்றவை என யான் வாதாட வரவில்லை. மொழிபெயர்ப்பு நடையின் முரடு பல இடங்களில் பல்லில் இடறுகின்றது. கணிப்பான் கைத்தொலைபேசியிலேயே உள்ள காலத்தில் மடக்கை அட்டவணை எதற்கு என்று கேட்போரையும் யான் குறைகூறேன். இக்குறைகளைத் திருத்தும்படி அதிகாரிகளை நெருக்குவோம். ஆனால் சட்டம் திருந்தும்வரை உள்ள சட்டத்தைக் கொண்டே வழக்குப் பேச வேண்டும் என்பது யான் என் தொழிலில் கற்ற பாடம்.

ஆங்கிலமின்றி உலகில்லை என்பது இரண்டாவது தடை. மெய். அதற்கும் வழி உள்ளது. இதே கணித நூல்களைத் திணைக்களம் ஆங்கிலத்திலும் வெளியிட்டுள்ளது. தமிழ் நூலில் ஓர் அத்தியாயத்தை முற்றும் கற்ற பின்னர், அதே அத்தியாயத்தை ஆங்கில நூலில் வாசிக்கட்டும். கருத்து முன்னரே தெரிந்திருத்தலால் மொழி எளிதில் ஏறும். ஒரு சதமும் செலவின்றி இரண்டும் கைகூடும். கருத்தும் மொழியும் ஒருங்கே அந்நியமானால் இரண்டும் கைநழுவும்.

மூன்றாவது, “விலை கூடியது சிறந்தது” என்னும் மயக்கம். இதற்கு வாதமில்லை; இரக்கமே உண்டு. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதன் பயனாகவே கமக்காரரின் பிள்ளைகள் பொறியியலாளராயும் வைத்தியராயும் நியாயவாதியாயும் ஆயினர். அந்தப் படியில் ஏறி வந்தவர்களே இன்று, இலவசமாகக் கிடைப்பது தாழ்ந்தது என்று தம் அயலவருக்குக் கூறுகின்றனர். ஏறிய ஏணியை உதைப்பது நன்றியாகுமா?

யார் என்ன செய்ய வேண்டும்?

வீடு தன் கடமையைச் செய்வதனால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. நோயினாலோ வேறு காரணத்தாலோ வீட்டில் கற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடநூல், ஆசிரியர் வழிகாட்டி, புள்ளியிடும் திட்டம் ஆகியவற்றை வலயக் கல்வி அலுவலகமே தேடிச் சென்று கொடுத்தல் வேண்டும். பின்தங்கிய பாடசாலைகளில் கணித ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை என்பதைப் பாடசாலை வாரியாக மாகாணக் கல்வி அமைச்சு பகிரங்கமாக வெளியிட்டு, நிரப்புவதற்குத் தவணை குறித்தல் வேண்டும். இவை பிச்சையல்ல, வரி செலுத்தும் மக்களின் உரிமை.

உத்தியோகத்தர்களாயும் தொழில் வல்லுநர்களாயும் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கிராமங்களில் வாசிகசாலை இல்லாத இடம் அரிது. அங்கே மேசையும் விளக்கும் உள்ளன, மாலையில் மனிதரில்லை. ஒரு கணக்காளர், ஒரு பொறியியலாளர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் ஆகிய மூவரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆளுக்கொரு மாலை கொடுத்தால், அவ்வூரில் கணிதத்துக்காகக் காணி ஈடு போகாது. மேடையில் உரிமை பேசுவது எளிது, யானும் பேசியுள்ளேன். ஆனால் எத்தனை ஆசனம், எத்தனை ஏக்கர், எத்தனை வீத நிதி என்று கணக்குக் கேட்டே உரிமையை நிலைநாட்ட வேண்டியுள்ளது. பின்னம் தெரியாத சமூகம் தன் பங்கை எவ்வாறு கேட்கும்? குறைத்துக் கொடுத்தாலும் குறைந்ததை எவ்வாறு அறியும்?

அந்தப் பெரியவரின் இரண்டு பரப்பும் இன்றும் அவர் பெயரிலேயே உள்ளது. இம்முறை அதில் வெங்காயம் நட்டிருக்கிறார். பிள்ளை ஏழாந் தரத்துப் பின்னத்தில் தொடங்கி இப்போது ஒன்பதாந் தரத்துச் சமன்பாட்டுக்கு வந்திருக்கிறான். பரீட்சை இனித்தான். முடிவை யான் முற்கூறேன். ஆனால் அண்மையில் வந்திருந்தபோது பேரனார் வாயால் சொன்ன பங்குகளைப் பிள்ளை தாளிலே எழுதிக் கூட்டிக் காட்டினான். காலும் மாகாணியும் பதினாறில் ஐந்தாயிற்று. அவர் தாளை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெற்றாரே, வாயிலை அறிந்து, மொழியை அறிந்து, பிள்ளை நிற்குமிடத்தை அறிந்து, அதன் பின்னர் நூலைத் தெரியுங்கள். காணி உறுதி பெட்டகத்திலேயே இருக்கட்டும்.